விரலை நெரித்தும் வாக்குமூலத்தை மாற்றாத பெண்... 400 ஆண்டுக்கு முன்பே புராண நாயகிகளைப் புதிதாக வரைந்த ஆர்ட்டெமிசியா யார்?

2020 ஆகஸ்ட் 4. லெபனான் தலைநகர் பெய்ரூட்டின் துறைமுகத்தில் அமோனியம் நைட்ரேட் கிடங்கு வெடித்துச் சிதறிய வீடியோவை உலகமே செல்போனில் பார்த்தது. 200க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்த அதிர்ச்சி அலையில், துறைமுகத்துக்கு அருகே இருந்த பழமையான சுர்சோக் மாளிகையின் ஜன்னல்களும் நொறுங்கின. உள்ளே மாட்டியிருந்த ஒரு பெரிய ஓவியத்தில் கண்ணாடிச் சில்லுகள் பாய்ந்து, துணி கிழிந்து, வண்ணம் உதிர்ந்துபோனது.

அதை வரைந்தவர் யார் என்பதே அதுவரை வெளியுலகுக்குத் தெரியாது. 1990களில் லெபனானைச் சேர்ந்த மாணவர் ஒருவர், இது இன்னாருடைய ஓவியமாகத்தான் இருக்கும் என்று தன் ஆய்வேட்டில் எழுதியிருந்தார். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. வெடிவிபத்துக்குப் பிறகு அவர் அதை மீண்டும் எடுத்து வெளியிட, நிபுணர்கள் பார்த்துவிட்டு ஆமாம் என்றார்கள். ஓவியம் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கெட்டி அருங்காட்சியகத்துக்குச் சிகிச்சைக்குப் போனது.

அந்த ஓவியத்தில் இருப்பது கிரேக்கப் புராணக் கதை. ஒரு கொலைப் பாவத்தைக் கழிக்க, மாவீரன் ஹெர்குலிஸ் லிடியா நாட்டு ராணி ஓம்பலேவிடம் அடிமையாக விற்கப்படுகிறான். சிங்கத்தை அடித்துக் கொன்றவன், இப்போது ராணி வீட்டில் நூல் நூற்க வேண்டும். அவனுடைய சிங்கத்தோலை எடுத்து ராணி போர்த்திக்கொள்கிறாள். ஆண் கையில் நூற்புக் கதிர், பெண் தோளில் சிங்கத்தோல்.

இந்தக் கதையைத் தேர்ந்தெடுத்து வரைந்தவர் ஒரு பெண். 17ஆம் நூற்றாண்டு இத்தாலியைச் சேர்ந்த ஆர்ட்டெமிசியா ஜென்டிலெஸ்கி. இன்றைக்குப் பெண்ணியக் கலை என்று எங்கே பேச்சு எடுத்தாலும் முதல் வரிசையில் வரும் பெயர். ஆனால் அவர் இறந்து ஏறத்தாழ 300 வருஷம் அந்தப் பெயரை யாரும் சரியாக உச்சரிக்கக்கூட இல்லை.

அப்பாவின் பட்டறையில் வளர்ந்த பெண்

1593 ஜூலை 8ஆம் தேதி ரோம் நகரில் பிறந்தார் ஆர்ட்டெமிசியா. அப்பா ஒராசியோ ஜென்டிலெஸ்கி, பெயர் பெற்ற ஓவியர். அன்று ரோமையே கலக்கிக்கொண்டிருந்த கரவாஜியோவின் நண்பர். இருட்டுக்குள் இருந்து பளிச்சென்று ஒரு வெளிச்சம் மனிதர்கள் மேல் விழும் பாணி கரவாஜியோவுடையது. அதுதான் பின்னாளில் ஆர்ட்டெமிசியாவின் பாணியாகவும் ஆனது.

12 வயதில் அம்மா இறந்துவிட்டார். வீட்டில் மூத்த பிள்ளை இவர்தான், கீழே தம்பிகள். அந்தக் காலத்தில் பெண்பிள்ளை தெருவில் தனியாக நடக்க முடியாது, தேவாலயத்துக்குப் போவதென்றாலும் துணை வேண்டும். எழுதப் படிக்கவும் யாரும் சொல்லித்தரவில்லை. ஆனால் வீடே பட்டறை. வண்ணம் அரைப்பது, துணியை இழுத்துக் கட்டுவது, எண்ணெய் கலப்பது எல்லாம் கண் முன்னே நடந்தது. தம்பிகளும் தூரிகை பிடித்தார்கள். அக்காவுக்குத்தான் கை படிந்தது.

17 வயதில், 1610ஆம் ஆண்டு, ஓர் ஓவியத்தை முடித்துக் கையெழுத்தும் தேதியும் போட்டார். சூசன்னாவும் இரண்டு முதியவர்களும். இன்று அது ஜெர்மனியின் பொம்மர்ஸ்ஃபெல்டன் ஊரில் ஒரு மாளிகையில் இருக்கிறது.

கதை கத்தோலிக்க விவிலியத்தின் தானியேல் நூலில் வருவது. தோட்டத்தில் குளிக்க வரும் சூசன்னாவை, நியாயம் சொல்லும் இடத்தில் இருக்கும் இரண்டு முதியவர்கள் ஒளிந்திருந்து பார்க்கிறார்கள். தங்கள் ஆசைக்கு இணங்காவிட்டால், யாரோ ஓர் இளைஞனோடு இருந்தாய் என்று பொய்ச் சாட்சி சொல்வோம், மரண தண்டனைதான் என்று மிரட்டுகிறார்கள். அவள் மறுக்கிறாள்.

இந்தக் கதையை இத்தாலியில் வரையாத ஓவியர் குறைவு. ஏன் என்று சொல்லத் தேவையில்லை. விவிலியத்தின் பெயரைச் சொல்லி ஒரு நிர்வாணப் பெண்ணை வரைந்து செல்வந்தர்களிடம் விற்கலாம். அதனால் பல ஓவியங்களில் சூசன்னா ஒய்யாரமாக அமர்ந்திருப்பாள், முகத்தில் பயமே இருக்காது. சிலவற்றில் பார்க்கப்படுவதை ரசிக்கிறாளோ என்றுகூடத் தோன்றும்.

17 வயதுப் பெண் வரைந்த சூசன்னா வேறு. தோட்டம், பூச்செடி, நீரூற்று எதையும் பெரிதாகக் காட்டவில்லை. வெறும் கல் இருக்கை, கல் சுவர். சுவருக்கு மேலே இருந்து இரண்டு ஆண்கள் குனிந்து குசுகுசுக்கிறார்கள். அவர்களுக்குக் கீழே நசுங்கியதுபோல அந்தப் பெண் உடம்பை முறுக்கி, முகத்தைத் திருப்பி, கைகளை உயர்த்தித் தள்ளுகிறாள். பார்க்கிற நமக்கே அந்த இடத்தில் நிற்கக் கூசும்.

இதில் கவனிக்க வேண்டியது தேதி. இந்த ஓவியம் 1610. அடுத்து சொல்லப்போகும் சம்பவம் 1611.

நீதிமன்றத்தில் நடந்தது என்ன?

அப்பா ஒராசியோவோடு சேர்ந்து ரோம் மாளிகைகளில் சுவர் ஓவியம் வரைந்துகொண்டிருந்தவர் அகோஸ்டினோ டாசி. தூரக் காட்சிகளை அளவு பிசகாமல் வரைவதில் கெட்டிக்காரர். வீட்டுக்கு அடிக்கடி வந்து போவார். 1611 மே மாதம், ஆர்ட்டெமிசியா 17 வயதில் இருந்தபோது, வீட்டுக்குள்ளேயே அவரைப் பாலியல் வன்கொடுமை செய்தார் டாசி. அதே வீட்டில் குடியிருந்த, துணைக்கு இருந்திருக்க வேண்டிய பெண்ணும் உதவிக்கு வரவில்லை. தான் போராடியதையும், கத்தியை எடுத்து டாசியை நோக்கி வீசியதையும் ஆர்ட்டெமிசியா பின்னர் நீதிமன்றத்தில் சொன்னார்.

கல்யாணம் செய்துகொள்கிறேன் என்று டாசி வாக்குக் கொடுத்தார். அந்தக் காலத்துச் சமூகத்தில், கெட்ட பெயரிலிருந்து ஒரு பெண் தப்பிக்க இருந்த ஒரே வழி அதுதான். அந்த நம்பிக்கையில் மாதங்கள் ஓடின. வாக்கு நிறைவேறவில்லை. டாசிக்கு ஏற்கெனவே மனைவி இருந்தார்.

1612இல் அப்பா போப் ஐந்தாம் பவுலுக்கு மனு கொடுத்தார். வழக்கு ஏழு மாதம் நடந்தது. அன்றைய சட்டத்தின் பார்வை இன்றைக்கு நமக்குத் தூக்கிவாரிப்போடும். ஒரு பெண்ணின் உடலுக்கும் மனதுக்கும் நடந்த கொடுமை என்று அது பார்க்கவில்லை. கன்னிப்பெண்ணின் மானம் போனதால் குடும்பத்துக்கு, அதாவது அப்பாவுக்கு, ஏற்பட்ட இழப்பு என்றுதான் பார்த்தது. அந்த மனுவிலேயே வீட்டிலிருந்து எடுத்துச் செல்லப்பட்ட ஓவியம் பற்றிய புகாரும் இருந்தது.

விசாரணையில் மருத்துவச்சிகள் அவரைச் சோதித்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து அவர் நடத்தை பற்றிச் சாட்சி சொன்னார்கள். டாசி எல்லாவற்றையும் மறுத்தார், அவர் தரப்பு ஆட்கள் அவதூறு பேசினார்கள். கடைசியில் உண்மையைச் சோதிக்க ஒரு முறை. விரல்களைச் சுற்றிக் கயிறு கட்டி முறுக்கி இறுக்குவது. குற்றம் சாட்டப்பட்டவருக்கு இல்லைங்க. புகார் சொன்ன பெண்ணுக்கு.

ஓர் ஓவியரின் விரல்கள் அவை. நசுங்கிப்போனால் பிழைப்பே போய்விடும். டாசி எதிரிலேயே நிற்க, கயிறு இறுக இறுக, சொன்னது அத்தனையும் உண்மைதான் என்று திரும்பத் திரும்பச் சொன்னார் ஆர்ட்டெமிசியா. வாக்குமூலம் மாறவில்லை.

1612 நவம்பர் கடைசியில் தீர்ப்பு வந்தது. டாசி குற்றவாளி. ஐந்தாண்டு கடின உழைப்பு அல்லது ரோமை விட்டு வெளியேற்றம், இரண்டில் ஒன்று. டாசி வெளியேற்றத்தைத் தேர்ந்தெடுத்தார். அதுவும் பேச்சளவில்தான். செல்வாக்குள்ளவர்களின் தயவில் சீக்கிரமே ரோமுக்குத் திரும்பி, மாளிகைகளுக்கு ஓவியம் வரைந்து வசதியாகவே வாழ்ந்தார்.

தீர்ப்பு வந்த ஓரிரு நாளில் ஆர்ட்டெமிசியாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஃபுளோரன்ஸ் நகரத்தைச் சேர்ந்த பியரன்டோனியோ ஸ்டியாட்டேசி. ஊரை விட்டு அனுப்ப அப்பா செய்த அவசர ஏற்பாடு. இந்த வழக்கின் விசாரணைக் குறிப்புகள் ரோம் ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கின்றன. 400 வருஷத்துக்கு முந்தைய ஒரு பெண்ணின் வாக்குமூலம் இவ்வளவு விரிவாகக் கிடைப்பது அரிது.

தலையைத் துண்டிக்கும் யூதித்து

ஆர்ட்டெமிசியா என்றாலே கூகுளில் முதலில் வரும் ஓவியம் இதுதான். பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

யூதித்து கதையும் கத்தோலிக்க விவிலியத்தில் உள்ளது. தன் ஊரை முற்றுகையிட்ட படைத்தளபதி ஒலோபெரினின் கூடாரத்துக்குள் அலங்காரத்தோடு போய், அவன் குடித்து மயங்கிக் கிடக்கும்போது வாளால் தலையை வெட்டி ஊரைக் காப்பாற்றும் இளம் விதவை. கரவாஜியோவும் இதை வரைந்திருக்கிறார். அவருடைய யூதித்து கைநீட்டும் தூரத்தில் தள்ளி நின்று, முகத்தைச் சுளித்துக்கொண்டு வெட்டுவாள். பணிப்பெண் ஒரு கிழவி, ஓரமாக நிற்பாள்.

வாளால் ஒரு கழுத்தை வெட்ட எவ்வளவு பலம் வேண்டும் என்று ஆர்ட்டெமிசியா யோசித்திருக்கிறார். அவருடைய யூதித்து சட்டைக் கையை முழங்கைக்கு மேல் ஏற்றிவிட்டு, ஒரு கையால் முடியைப் பிடித்து அழுத்தி, மறு கையால் வாளை இழுக்கிறாள். பணிப்பெண் கிழவி இல்லை, வாலிபப் பெண். மேலே ஏறி முழு எடையையும் போட்டு அவனை அமுக்குகிறாள். இருவர் முகத்திலும் வெறுப்போ பதற்றமோ இல்லை. ஒரு வேலையை முடிக்கும் கவனம் மட்டும்.

இந்த ஓவியத்தை இரண்டு முறை வரைந்தார். முதலாவது நேப்பிள்ஸின் கப்போதிமோந்தே அருங்காட்சியகத்தில். பிந்தையது ஃபுளோரன்ஸின் உஃபிசி கூடத்தில். உஃபிசி ஓவியத்தில் ரத்தம் வளைந்து பீறிடுவதையும் காட்டியிருப்பார்.

வெட்டப்படுவது டாசிதான், வெட்டுவது ஆர்ட்டெமிசியாதான், இது பழிவாங்கல் என்று பலரும் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் முழுசா சரின்னு சொல்ல முடியாது. யூதித்து அன்றைய சந்தையில் நன்றாக விற்ற கதை, அவருடைய அப்பாவே பலமுறை வரைந்திருக்கிறார். கொடுமைக்கு முன்பே வரைந்த சூசன்னாவில் அந்தப் பார்வை ஏற்கெனவே இருக்கிறது. எல்லாவற்றையும் அந்த ஒரு மே மாதத்தோடு முடிச்சுப் போட்டால், அடுத்த 40 வருஷம் அவர் உழைத்த உழைப்பு காணாமல் போய்விடும். அந்தக் காயம் ஓவியத்தில் இல்லவே இல்லை என்று சொல்வதும் அதே அளவு அபத்தம்.

ஃபுளோரன்ஸில் புது வாழ்க்கை

ஃபுளோரன்ஸ் அவருக்கு வாழ்வு கொடுத்தது. மெடிச்சி அரச குடும்பத்தின் ஆதரவு கிடைத்தது. 1616இல் அந்நகரின் ஓவியக் கலைக் கழகத்தில் உறுப்பினராகச் சேர்க்கப்பட்டார். அதில் இடம்பெற்ற முதல் பெண் அவர்தான். வானியல் மேதை கலிலியோவும் பழக்கமானார். பின்னாளில் அவருக்கு எழுதிய கடிதத்தில், கோசிமோ பிரபுவிடம் யூதித்து ஓவியத்துக்கான பணத்தை வாங்கித்தர அவர் உதவியதை ஆர்ட்டெமிசியா நினைவுபடுத்துகிறார். பிரபுக்களிடம் பில் வசூலிக்கிறது அப்பவும் பெரும்பாடுதான்!

எழுதக் கற்றுக்கொண்டதும் இங்கேதான். 20 வயதுக்கு மேல். எழுத்துப் பிழைகளோடு அவர் எழுதிய காதல் கடிதங்கள் 2011இல் வெளிச்சத்துக்கு வந்தன. கணவருக்கு இல்லை. ஃபிரான்செஸ்கோ மரியா மரிங்கி என்ற செல்வந்தருக்கு. இதில் வினோதம், கணவரும் அதே மரிங்கியோடு கடிதப் போக்குவரத்து வைத்திருந்தார். விஷயம் தெரிந்தே இருந்திருக்கிறது, குடும்பத்துக்கு அந்தப் பணமும் தேவைப்பட்டிருக்கிறது.

ஐந்து குழந்தைகள் பெற்றார். ஒரே ஒரு மகள்தான் வளர்ந்து பெரியவளானாள். அவளுக்குத் தன் அம்மாவின் பெயரான புருடென்சியா என்பதையே வைத்திருந்தார்.

மைக்கலாஞ்சலோவின் நினைவாக அவருடைய வாரிசு கட்டிய வீட்டின் மேற்கூரையில் ஆர்ட்டெமிசியா வரைந்த ஒரு நிர்வாணப் பெண் உருவம் உண்டு. மற்ற ஓவியர்களைவிட அதிகக் கூலி வாங்கியவர் அவர். 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் அந்த வீட்டார், மனைவி மக்கள் புழங்கும் இடம் என்று சங்கடப்பட்டு, வேறோர் ஓவியரை அழைத்து அந்த உருவத்துக்குத் துணியும் திரையும் வரைந்து மூடிவிட்டார்கள். அந்தத் துணி இன்றும் அப்படியே இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் எக்ஸ்ரே, அகச்சிவப்புக் கதிர்களைக் கொண்டு ஆராய்ந்து, அடியில் இருக்கும் அசல் உருவத்தை கம்ப்யூட்டர் படமாக மட்டும் மீட்டிருக்கிறார்கள்.

கடன் கழுத்தை நெரிக்க, 1620இல் ரோமுக்குத் திரும்பினார். சில ஆண்டுகளில் கணவர் விலகிப் போய்விட்டார். அதன் பிறகு அவர்தான் குடும்பத் தலைவி, அவர்தான் வரவு செலவு.

லுக்ரீசியாவின் கையில் கத்தி

இந்தக் காலத்தில்தான் லுக்ரீசியா வருகிறாள். ரோமானியக் கதைகளில் மிகவும் போற்றப்பட்ட பத்தினி. அரசனின் மகன் செக்ஸ்டஸ் டார்க்வினியஸ் அவளை வன்கொடுமை செய்கிறான். கணவனையும் தகப்பனையும் அழைத்து நடந்ததைச் சொல்லிவிட்டு, தன் நெஞ்சில் கத்தியைப் பாய்ச்சிக்கொள்கிறாள். அந்தச் சாவு மூட்டிய கோபத்தில் முடியாட்சி ஒழிந்து ரோமில் குடியரசு பிறந்தது என்பது கதை. அதாவது, குற்றம் செய்தவன் வேறு, சாக வேண்டியவள் இவள். இதைத்தான் பல நூற்றாண்டுகள் பெண்களுக்கு உதாரணமாகச் சொன்னார்கள்.

ஓவியர்களுக்கு இதுவும் வசதியான கதை. கலைந்த ஆடை, திறந்த மார்பு, அழகாகச் சாயும் உடல். ஆர்ட்டெமிசியா லுக்ரீசியாவை ஒன்றுக்கு மேற்பட்ட தடவை வரைந்தார். மிலானில் உள்ள ஓவியத்தில் அவள் தனியாக இருக்கிறாள். கெட்டியான, எடையுள்ள உடம்பு. ஒரு கை மார்பை இறுகப் பிடித்திருக்கிறது, மறு கையில் கத்தி. ஆனால் கத்தியின் முனை அவளை நோக்கி இல்லை, மேலே பார்த்து நிற்கிறது. அவள் கண்ணும் மேலே. யோசித்துக்கொண்டிருக்கிறாள். நான் ஏன் சாக வேண்டும் என்று கேட்கிறாளோ என்று பார்ப்பவருக்குத் தோன்றினால் அது தப்பில்லை.

வழக்கு முடிந்து, வன்கொடுமைக்குப் பிறகும் வாழ்ந்து, சம்பாதித்து, பிள்ளை வளர்த்துக்கொண்டிருந்த ஒருத்தி வரைந்த லுக்ரீசியா என்பதை நினைவில் வைத்துப் பார்த்தால் இந்தப் படம் வேறு மாதிரி பேசும். அவருடைய லுக்ரீசியா ஓவியங்களில் ஒன்று 2019இல் பாரிஸ் ஏலத்தில் சுமார் 48 லட்சம் யூரோவுக்கு விலைபோனது.

கிளியோபாட்ரா, டயானா, மினர்வா என்று பழங்கதைப் பெண்கள் வரிசையாக அவர் தூரிகைக்கு வந்தார்கள். எல்லாமே புரட்சி என்று சொல்லிவிட முடியாது. வாங்குகிற பணக்கார ஆண்கள் கேட்ட மாதிரி அழகாக, ஆடையின்றி வரைந்ததும் உண்டு. பிழைப்பு நடக்க வேண்டுமே. பெண்ணாக இருந்ததால் அவருக்கு ஒரு வசதி இருந்தது. ஆண் ஓவியர்கள் பெண் மாடல்களை வைத்து வரைவதில் ஆயிரம் தடை இருந்தபோது, அவரால் நேரில் பார்த்து வரைய முடிந்தது. ஆனால் மாடல்களுக்குக் கொடுக்கிற கூலி எக்கச்சக்கம் என்று வாடிக்கையாளர் ஒருவரிடம் புலம்பியிருக்கிறார்.

வாயைக் கட்டாத ஓவியக் கலை

வெனிஸில் கொஞ்ச காலம். 1630 முதல் நேப்பிள்ஸ். அங்கே ஸ்பெயின் மன்னரின் பிரதிநிதி தொடங்கி பல பெரிய புள்ளிகள் வாடிக்கையாளர்கள். அருகே பொஸ்ஸுவோலி தேவாலயத்துக்குப் பெரிய பீட ஓவியங்கள் வரையும் வாய்ப்பும் வந்தது.

1630களின் கடைசியில் லண்டனுக்குப் போனார். அரசர் முதலாம் சார்லஸின் அரண்மனையில் அப்பா ஒராசியோ வேலையில் இருந்தார். பல ஆண்டு இடைவெளிக்குப் பிறகு அப்பாவும் மகளும் ஒரே ஊரில். 1639இல் அப்பா காலமானார்.

லண்டன் நாட்களோடு சேர்த்துச் சொல்லப்படும் ஓவியம் ஒன்று இன்றும் பிரிட்டன் அரச குடும்பத்தின் சேகரிப்பில் இருக்கிறது. ஓவியக் கலையே ஒரு பெண்ணாக வந்தால் எப்படி இருப்பாள் என்ற படம். அன்று ஓவியர்கள் கையேடாகப் பயன்படுத்திய ஒரு புத்தகத்தில் இதற்கு இலக்கணம் இருந்தது. கலைந்த கூந்தல், கழுத்தில் முகமூடி கோத்த சங்கிலி, வாயைச் சுற்றிக் கட்டிய துணி. ஓவியம் பேசாது என்பதைக் காட்டத்தான் அந்த வாய்க்கட்டு.

ஆர்ட்டெமிசியா கூந்தலைக் கலைத்தார். சங்கிலியை மாட்டினார். வாய்க்கட்டை மட்டும் விட்டுவிட்டார். முகம் தன்னுடையது. பளபளக்கும் பட்டு உடையில், சட்டைக் கையை ஏற்றிவிட்டு, ஒரு கையில் தூரிகையை உயர்த்தி, வண்ணத் தட்டோடு சாய்ந்து வேலையில் மூழ்கிய பெண். எந்த ஆண் ஓவியராலும் இப்படித் தன்னை வரைந்துகொள்ள முடியாது. மரபுப்படி ஓவியக் கலை ஒரு பெண், அவ்வளவுதான்.

கறார் வியாபாரி

வயதான காலத்து ஆர்ட்டெமிசியாவை அவருடைய கடிதங்களில் பார்க்கலாம். நேப்பிள்ஸுக்குத் திரும்பிய பிறகு, சிசிலித் தீவின் மெஸ்ஸினாவில் இருந்த அன்டோனியோ ருஃபோ என்ற பிரபுவுக்கு 1649 முதல் எழுதியவை அவை. அவருக்காகக் கடல் தேவதை கலாத்தேயாவின் கதையை வரைந்து கொடுத்திருந்தார்.

ஓவியத்தில் எத்தனை உருவமோ அத்தனை நூறு ஸ்கூடி என்று கணக்கு. பிரபு விலையைக் குறைக்கச் சொன்னால் கோபம் வரும். பெண் பெயரைக் கேட்டாலே வேலை எப்படியிருக்குமோ என்று சந்தேகப்படுகிறார்கள், ஓவியத்தைப் பார்த்த பிறகு பேசட்டும் என்ற தொனியில் எழுதுகிறார். முன்மாதிரி வரைபடம் அனுப்பச் சொல்லிக் கேட்டபோது மறுத்துவிட்டார். முன்பு ஒருவருக்கு அப்படி அனுப்பி, அந்த ஆள் அதை இன்னொரு ஓவியரிடம் கொடுத்து மலிவாக வரைய வைத்துவிட்டாராம். பெண்ணாக இருந்தாலும் என்னிடம் சீசரின் வீரம் இருக்கிறது என்ற பொருளில் அவர் எழுதியது இந்தக் கடிதங்களில்தான்.

இடையிடையே கல்யாணச் செலவு, உடல்நிலை, கையில் காசில்லாத கஷ்டம். உலகம் புகழும் ஓவியர் மாதக் கடைசியைச் சமாளிக்கும் கதை.

1654இல் நேப்பிள்ஸில் அவர் உயிரோடு இருந்ததற்குப் பதிவு இருக்கிறது. 1656இல் அந்த நகரைப் பிளேக் நோய் சூறையாடியது, மக்களில் ஏறக்குறைய பாதிப்பேர் மடிந்தார்கள். அவரும் அதில்தான் போயிருக்க வேண்டும் என்பது பலருடைய கணிப்பு.

மறதியும் மீட்பும்

அதன் பிறகு பெயர் மெல்ல மெல்ல அழிந்தது. ஓவியங்கள் அப்பா பெயருக்கும் மற்ற ஆண்களின் பெயருக்கும் மாறின. உஃபிசியின் யூதித்து பார்க்கவே கொடூரம் என்று ஒதுக்கப்பட்டு நெடுநாள் மூலையில் கிடந்தது.

1916இல் இத்தாலியக் கலை விமர்சகர் ரோபெர்த்தோ லோங்கி, அப்பா மகள் இருவரைப் பற்றியும் ஆய்வுக் கட்டுரை எழுதினார். அவருடைய மனைவி, அன்னா பான்டி என்ற பெயரில் எழுதிய நாவலாசிரியர், ஆர்ட்டெமிசியாவை வைத்து ஒரு நாவல் எழுதினார். 1944இல் போரில் ஃபுளோரன்ஸ் சிதைந்தபோது கைப்பிரதி அழிந்துபோனது. விடவில்லை. முதலிலிருந்து மறுபடி எழுதி 1947இல் வெளியிட்டார்.

பெரிய திருப்பம் 1970களில் வந்தது. பெரிய பெண் ஓவியர்கள் ஏன் இல்லாமல் போனார்கள் என்ற கேள்வியை 1971இல் அமெரிக்கக் கலை வரலாற்றாசிரியர் லிண்டா நாக்லின் எழுப்பினார். திறமை இல்லாததால் அல்ல, பள்ளிகளும் கழகங்களும் கதவைச் சாத்தியதால்தான் என்பது அவர் வாதம். 1976இல் அவரும் ஆன் சதர்லண்ட் ஹாரிஸும் சேர்ந்து லாஸ் ஏஞ்சல்ஸில் நடத்திய பெண் ஓவியர்கள் கண்காட்சியில் ஆர்ட்டெமிசியாவைப் பலர் முதல்முறையாக நேரில் பார்த்தார்கள். 1989இல் மேரி கரார்டு அவரைப் பற்றி முழு நூலே எழுதினார்.

அதே காலத்தில் ஜூடி சிகாகோ என்ற கலைஞர் ஒரு வேலை செய்தார். முக்கோண வடிவில் மாபெரும் விருந்து மேஜை. அதில் 39 பெண்களுக்கு இடம், ஆளுக்கொரு தட்டு, பெயர் தைத்த விரிப்பு. 1979இல் காட்சிக்கு வந்த அந்தப் படைப்பு இப்போது நியூயார்க்கின் புரூக்ளின் அருங்காட்சியகத்தில் நிரந்தரமாக இருக்கிறது. ஆர்ட்டெமிசியாவுக்கு அதில் ஒரு தட்டு. அவர் வரைந்த யூதித்துக்கும் ஒரு தட்டு. நம்ம காளிக்கும் ஒரு தட்டு உண்டு!

லண்டன் நேஷனல் கேலரி 2018இல், புனித கத்தரீன் வேடத்தில் ஆர்ட்டெமிசியா தன்னையே வரைந்த படத்தை 36 லட்சம் பவுண்டு கொடுத்து வாங்கியது. 2,300க்கு மேற்பட்ட ஓவியங்கள் உள்ள அந்த இடத்தில், பெண்கள் வரைந்தவை அப்போது இருபது சொச்சம்தான். வாங்கிய பிறகு கேலரியில் மட்டும் வைக்கவில்லை. நூலகம், பள்ளிக்கூடம், டாக்டர் கிளினிக், பெண்கள் சிறைச்சாலை என்று ஊர் ஊராக எடுத்துப்போய்க் காட்டினார்கள். 2020இல் அங்கே நடந்த கண்காட்சிக்கு அந்தப் பழைய விசாரணைக் குறிப்புகளும் ரோமிலிருந்து வந்தன.

பெய்ரூட்டில் சிதைந்த ஹெர்குலிஸும் ஓம்பலேவும் என்ன ஆனார்கள்? துணியில் குத்தியிருந்த கண்ணாடித் தூளை ஒவ்வொன்றாக எடுத்து, கிழிசலை ஒட்டி, உதிர்ந்த வண்ணத்தை நிரப்ப ஆண்டுக்கணக்கில் ஆனது. எக்ஸ்ரே எடுத்தபோது ஒன்று தெரிந்தது. வரையும்போதே ஹெர்குலிஸின் தலையையும் பார்வையையும் ஆர்ட்டெமிசியா மாற்றியிருக்கிறார். 2025 கோடையில் கெட்டி அருங்காட்சியகத்தில் அந்த ஓவியம் மக்கள் பார்வைக்கு வந்தது.

இதற்கிடையே 2023இல் பிரிட்டனிலிருந்து இன்னொரு செய்தி. ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையின் கிடங்கில் நூறு வருஷத்துக்கும் மேலாகக் கிடந்த, பெயர் தெரியாத பிரெஞ்சு ஓவியர் யாரோ வரைந்தது என்று நினைத்திருந்த ஒரு படத்தைச் சுத்தம் செய்தார்கள். துணியின் பின்பக்கத்தில் முதலாம் சார்லஸ் அரசரின் முத்திரை தெரிந்தது. முன்பக்கம் கல் இருக்கை ஓரமாக ஒரு பெண், பின்னாலிருந்து எட்டிப் பார்க்கும் இரண்டு முதியவர்கள். 17 வயதில் வரைந்த அதே சூசன்னாவை, 45 வயதை ஒட்டி ஆர்ட்டெமிசியா மறுபடி வரைந்திருக்கிறார்.